பொட்டு வைத்த மோட்டாரும் ஐந்து பவளத் துண்டுகளும்

மென்பவளத்தைப் பாறையில் பதிக்கப் போகிறேன் என்று யாராவது பசைக் குழாயும் கையுமாகத் தொட்டியை நெருங்கினால் எனக்கு இன்றும் கை துறுதுறுக்கிறது. குழாயைப் பிடுங்கிக் குப்பையில் எறிய வேண்டும் போல இருக்கும். தோள்பட்டை ஒத்துழைக்காததால் தொழிலை விட்டுவிட்டேன். கோபத்தை இன்னும் விடவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் காணொளி பார்த்துத்தான் வந்திருக்கிறீர்கள். அதில் ஒரு கை பவளத்தை வெட்டும், ஒரு சொட்டுப் பசை வைக்கும், கல்லில் அழுத்தும், பின்னால் பாட்டு ஓடும், முடிந்தது. மறுநாள் அந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று எந்தக் காணொளியும் காட்டியதில்லை. அதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போதெல்லாம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வீடுகளில் இருந்த பவளத் தொட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை, பட்டறை, ஆஸ்பத்திரி எல்லாம். அங்கே என்னிடம் ஒரு தாய்ப் பவளம் இருந்தது. அகலமான காளான் போல விரிந்து நிற்கும். கடைக்காரர்கள் லெதர் என்பார்கள். நான் குடை என்று கூப்பிடுவேன். அதன் மேல் முழுக்கப் பொன்னிறத்தில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டு ஆடும். ஒரு புயலில் கரண்ட் போய்ப் பல நாள் வராமல் அது செத்துப்போனது. தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. நல்லவேளை, அதற்கு முன்பே அதிலிருந்து வெட்டிக் கொடுத்த ஒரு துண்டு சிதம்பரத்தில் சேகர் வீட்டுத் தொட்டியில் வளர்ந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. அந்த வம்சத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கடலில் இறங்கி விரல்கடை பவளம் எடுக்கவும் சட்டம் இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. தொட்டியில் பிறந்ததைத் தொட்டியிலேயே பெருக்குவதுதான் நம் தொழில். ஆகவே சேகர் வீட்டுக் குடை போனால் எனக்கு எல்லாம் போன மாதிரி.

சேகர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீட்டை ஒட்டியே பட்டறை. அந்தப் பக்கத்தில் யார் வயலில் போர்வெல் மோட்டார் எரிந்தாலும் அவன் வாசலுக்குத்தான் வரும். அவன் மனைவி கோமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் என்னை அக்கா என்பார்கள். தொட்டி மேல் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். சாப்பிடும்போது டிவி பார்க்க மாட்டான், குடையைப் பார்ப்பான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவனிடமிருந்து போன் வந்தது. குடையின் காம்பு அடியில் கறுத்துவிட்டதாம். ஓடினேன். அழுகல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விட்டு வைத்தால் முழுக்கப் போய்விடும் என்று தெரிந்தது. கறுத்ததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மேலே நல்லதாக இருந்த பகுதியை மட்டும் ஐந்து துண்டாக்கினேன். அது வரைக்கும் சரி. அதன் பிறகு, காணொளியில் வருகிற மாதிரியே, ஐந்தையும் பசை வைத்துப் பாறையில் ஒட்டினேன்.

நான் அண்ணாகிராமத்துக்காரி. பலாப்பழம் அறுப்பதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். வெட்டுப்பட்ட மென்பவளம் தனக்குத் தானே எண்ணெய் தடவிக்கொள்கிற சாதி. அப்படி ஒரு கோழையை விடும். அதில் எந்தப் பசை நிற்கும்? ஆனால் அன்றைக்குப் பட்டறை கழுவ ஆட்கள் நிற்கிறார்கள், கோமதி சுண்டலுக்குக் கடலை ஊற வைக்கிறாள், எனக்கும் வீட்டில் பூஜை வேலை கிடக்கிறது. ஒட்டியது போலத் தெரிந்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை நான் என் கத்திரி, இடுக்கி, பிளேடு எல்லாவற்றையும் துடைத்து, வாழை இலையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்தேன். பொரியில் கை வைக்கும்போது கோமதியின் போன்.

"அக்கா, தொட்டித் தண்ணி கஞ்சி மாதிரி ஆயிடுச்சுக்கா. மீனு ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது."

"மோட்டாரு ஓடுதா?"

"இன்னிக்கு எப்பிடிக்கா ஓடும்? அவுருதான் காலைலயே வெளிய எடுத்துத் தொடச்சி, பொட்டு வெச்சி, எலை மேல படுக்க வெச்சிட்டாரே!"

வெட்டுப்பட்ட பவளம் கோழையைக் கொட்டிக்கொண்டிருக்கிற தொட்டியில் மோட்டார் இல்லை, அசைவு இல்லை, காற்று இல்லை. இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் தொட்டி மொத்தமும் பிணவறை.

"கோமதி, ஒரு சொம்ப எடு. தண்ணிய மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்து. ஊத்திக்கினே இரு. பூஜைக்கு வெளக்கி வெச்சியே பித்தள சொம்பு, அத மட்டும் தொட்டுடாத. அதுல இருக்குற செம்பு பவளத்துக்கு வெஷம். எவர்சில்வர் எடு. நான் வந்துனே இருக்கேன்."

எப்போதும் தயாராகக் கலக்கி வைத்திருக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பறந்தேன். பேருந்துக்கு முன்னால் வாழை மரம் கட்டியிருந்தது, கண்ணாடி முழுக்க மாலை. டிரைவருக்குச் சாலை எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டுகிற வரைக்கும் அந்த நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் கண்டக்டர் கேனைப் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது? நல்ல நாளும் அதுவுமா பாண்டி சரக்கா?"

"உப்புத் தண்ணி. நம்பிக்க இல்லன்னா நாக்குல வெச்சிப் பாருங்க."

மனிதர் நிஜமாகவே மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போனது. "பிச்சாவரத்துல இல்லாத உப்புத் தண்ணியவா கடலூர்லேர்ந்து எடுத்துக்கினு போறீங்க?" என்றார். பேருந்தே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று வழி முழுக்க அந்த ஐந்து துண்டுகள்தான் கண்ணில் நின்றன.

சேகர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன், "எங்க அந்த மோட்டாரு?" கூடத்தில் பெரிய வாழை இலை விரித்திருந்தது. ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னும் சில, வரிசைக் கடைசியில் உள்ளங்கை அகலத்தில் பவளத் தொட்டியின் வடிகட்டி மோட்டாரும் அலை மோட்டாரும். இரண்டுக்கும் பூ வைத்து, பட்டை போட்டு, நெற்றி என்று அவனே முடிவு செய்த இடத்தில் பொட்டு. கோமதி தொட்டி மேல் குனிந்து சொம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை முழங்கை வரை நனைந்திருந்தது.

"சேகரு, மொதல்ல அத எடுத்து உள்ள வையி."

"அக்கா, கோவப்படாதீங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த ஒரு நாளு எங்கூட்ல எந்த மோட்டாரும் சுத்தாது. வருஷம் பூரா சுத்துது, பாவம். நாளைக்குக் காலைல மறுபூஜ பண்ணிட்டு மொத வேலையா போட்டுடறேன்."

"நாளைக்குக் காலைல போட்டு என்னா பண்ணுவ? மீன் கொழம்பு வெப்பியா?"

அவன் முகம் செத்துவிட்டது. என் பையை எட்டிப் பார்த்தபடி கேட்டான்.

"சரிக்கா. வெட்டறதுக்கு, ஒட்டறதுக்கெல்லாம் கத்திரி, இடுக்கி கொண்டாந்துருப்பீங்களே, எங்க?"

"வீட்ல இருக்கு."

"வீட்ல எங்க?"

கோமதி ஊற்றுவதை நிறுத்தாமலே, "எலை மேலதானக்கா?" என்றாள்.

"அப்ப உங்க கத்திரிக்கு ஒரு ஞாயம், எம் மோட்டாருக்கு ஒரு ஞாயமா?"

பளார் என்று அறை வாங்கியது போல இருந்தது. தொட்டிப் பக்கம் திரும்பிக் குனிந்து பார்த்தேன். பாறையில் ஐந்து இடத்தில் பசை மட்டும் வெள்ளைப் பொருக்காக நின்றது. பவளம் ஒன்றுகூட இல்லை. ஐந்து துண்டுகளும் வழுக்கி விழுந்து, நேர் கீழே மணலில், கோழைக்குள் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். ஐந்தும் முழுசாக இருந்தன.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அவை கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் அலை மோட்டாரின் இடம். அது ஓடிக்கொண்டிருந்தால் பாறையை விட்டு நழுவிய துண்டு மணலுக்கு வந்து சேர்ந்திருக்காது. நேராக மோட்டாரின் வாய்க்குள் போயிருக்கும். முன்னொரு வீட்டில் அப்படிப் போன துண்டு கொத்துக்கறியாக வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் ஒட்டியதால் விழுந்தது, இவன் நிறுத்தியதால் பிழைத்தது! வந்ததும் வராததுமாக நான் கத்திய கத்தலுக்கு அவன் பயந்து சுவிட்சைப் போட்டிருந்தால், என் கையாலேயே அந்த வம்சத்தை அரைத்திருப்பேன். இதை உடனே அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குத் தலைகால் புரியாது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொட்டி சாகிறது என்று போன் வந்தால் உங்கள் கை முதலில் சுவிட்சுக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் போடுவதற்கு முன்னால் குனிந்து ஒரு நிமிடம் பாருங்கள். என்ன கழன்றிருக்கிறது, எது எங்கே கிடக்கிறது, தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அது எங்கே போகும் என்று பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் எந்த மீனும் சாகாது.

"சேகரு," என்றேன், "மோட்டாரு தூங்கட்டும். உங்கையி தூங்கக் கூடாது. சொம்ப வாங்கு."

அவன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டான். காயில் சுற்றும்போது எண்ணுகிற மாதிரி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே, ஒரே அளவில், ஒரே உயரத்திலிருந்து ஊற்றினான். நான் ஒரு குழாயைத் தொட்டிக்குள் விட்டுக் கோழையையும் கலங்கின தண்ணீரையும் உறிஞ்சி வெளியேற்றினேன். கொண்டு வந்த கேனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாய்த்தோம்.

இனி துண்டுகள். கத்திரி இல்லை, பசை கூடாது. இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று அடுக்களைக்குள் நுழைந்தேன். ஆணியில் பூண்டு வாங்கின வலைப்பை தொங்கியது. மெல்லிய வலை, தண்ணீர் புகுந்து வரும், பவளத்துக்கு மூச்சு முட்டாது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "கோமதி, நூல்!" என்று கத்தினேன்.

"நூலு இருக்குக்கா. ஆனா ஊசி, கத்திரி எல்லாம் பூஜைல இருக்கு. நூல் ஆயுதமாக்கா?"

"நூலு யாரக் குத்துச்சி? எடு."

பூண்டு வாசனை போக வலையை அலசி, கையாலேயே கிழித்தோம். நூலைத் தண்ணீரில் படுவதற்கு முன்பே பல்லால் கடித்து அளவு வைத்துக்கொண்டேன். பவளத்தில் பட்ட நூலை வாயில் வைக்காதீர்கள், அந்தக் கோழை நல்லதல்ல. பையில் கையுறை இருந்தது. அதை மட்டும் யாரும் பூஜைக்கு வைப்பதில்லை. பாறை அடியில் கிடந்த சின்னச் சின்னக் கற்களை எடுத்து, ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு துண்டை வெட்டுவாய் கீழே இருக்கும்படி உட்கார வைத்தேன். மேலே வலை போர்த்திக் கல்லுக்கு அடியில் நூலால் முடிச்சு. எவ்வளவு இறுக்கம் என்று கோமதி கேட்டாள். கைக்குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற இறுக்கம் என்றேன். நழுவவும் கூடாது, பதியவும் கூடாது. அவள் கட்டின முடிச்சு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. ஐந்து கற்களையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, தொட்டியின் அமைதியான மூலையில் இறக்கினோம்.

அதற்குள் பொரி, சுண்டல் வாங்கிப் போக உறவுக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சேகர் வாசலிலேயே சட்டம் போட்டான். "மச்சான், பொரி வேணும்னா ஸ்டூல்ல ஏறு!" வந்தவர்கள் எல்லோர் கையிலும் சொம்பு ஏறியது. பட்டு வேட்டி, புதுச் சட்டை, எல்லாம் உப்புத் தண்ணீர். இதைவிடக் கலகலப்பான ஆயுத பூஜையை நான் பார்த்ததில்லை. மீன்கள் இரண்டும் மெல்ல மேல்மட்டத்தை விட்டு இறங்கின. ஆனால் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தொட்டியில் ஜீனியா என்ற இன்னொரு பவளமும் உண்டு. குட்டிக் குட்டிக் கைகளை மூடி மூடித் திறந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சரியில்லை என்றால் முதலில் அதுதான் கையை நிறுத்தும். காலையில் நிறுத்தியது, இன்னும் அசையவில்லை. எங்கள் கைகளும் ஓயத் தொடங்கியிருந்தன. ராத்திரி முழுக்க இப்படி ஊற்ற முடியாது என்று எனக்குத் தெரியும், சேகருக்கும் தெரியும்.

அதற்கு வழி கண்டது கோமதிதான். சுவரில் இருந்த தினசரி காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"ஏங்க, நவமி சாயந்தரத்தோட முடியுது. அப்பறம் தசமி பொறந்துடுது. மறுபூஜ தசமிலதான பண்றோம்? அதுக்குக் காலைலதான் பண்ணணும்னு யாரு சொன்னா?"

சேகர் சொம்போடு அப்படியே நின்றான். பிறகு சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு அவன் பெரியப்பாவுக்குப் போன் போட்டான். குடும்பத்தில் இந்த மாதிரி விஷயத்துக்கு அவர் சொன்னால்தான் சொல். நான் ஊற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரவென்று வந்தது.

"தசமி வந்துட்டா தாராளமா போடுறா. எங்க காலத்துல நெல்லு காயிற அவசரத்துக்கு நாங்களே சாயந்தரம் போட்டு எடுத்துருக்கோம். உங்கப்பனுக்கு சாயந்தரமானா தூக்கம் ஜாஸ்தி, அதனால மறுநா வெச்சான்."

வீடே வெடித்துச் சிரித்தது. சேகர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தசமி பிறந்ததும் கற்பூரம் காட்டி, வடிகட்டி மோட்டாரை எடுத்துக் குங்குமம் போகக் கழுவித் தொட்டியில் வைத்தான். அடுத்து அலை மோட்டாரைத் தூக்கினான்.

"அத வெக்காத!" என்று நான் அலறினேன்.

"அக்கா! காலைலேர்ந்து போடு போடுன்னு கத்துனீங்க. இப்ப போடாதன்றீங்க!"

அப்போதுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பசை விட்டதை, துண்டுகள் விழுந்த இடத்தை, அவன் மோட்டாரை நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. வலைக்குள் இருப்பது கல்லைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் அதற்கு அலை வேண்டாம், மெல்லிய ஓட்டம் போதும் என்றேன். அவன் அலை மோட்டாரை மறுபடி இலை மேல் வைத்தான். எதிர்பார்த்தது போலவே அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பேருந்து ஏறக் கிளம்பும்போது கோமதி பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஜீனியா ஒரு கையை மூடித் திறந்தது. பிறகு இன்னொன்று. நாங்கள் மூன்று பேரும் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் வலைதான், பசை இல்லை. உங்களில் சிலர் இது பழங்காலத்து வேலை என்று முணுமுணுப்பது என் காதுக்கு வந்திருக்கிறது. முணுமுணுங்கள், ஆனால் வலையைக் கட்டிவிட்டு முணுமுணுங்கள்.

இரண்டு வாரம் போல ஆனபின் சாமான்களோடு போனேன். ஐந்தில் ஒன்று நடுவிலேயே கறுத்துவிட்டது. மற்றவற்றுக்குத் தொற்றாமல் அதை முன்பே எடுத்துவிட்டிருந்தோம். மிச்சம் நான்கு. நூலை அறுத்து வலையை உரித்தேன். சுருங்கிச் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தன. உயிர் இருப்பது தெரிந்தது, கல்லைப் பிடித்திருக்கிறதா என்பது தெரியவில்லை. அதற்குச் சோதனை ஒன்றுதான்: தண்ணீருக்குள்ளேயே கல்லைத் தலைகீழாகத் திருப்பி உதற வேண்டும்.

நான் தொட்டிக்குள் கையை விட்டேன். சேகர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் பண்றேன்."

கையுறை மாட்டிக்கொண்டு முதல் கல்லை எடுத்தான். எரிந்த மோட்டாருக்குள் கை விட்டுத் தாமிரக் கம்பியை உருவுகிற கை அது. தலைகீழாகத் திருப்பினான். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு உதறு. இன்னொரு உதறு.

"பிடிச்சிடுச்சுக்கா!" தெருவுக்கே கேட்கக் கத்தினான். "வுட மாட்டேங்குது! கல்லு ஒடஞ்சாலும் ஒடையும் போல, அது வராது!"

நான்கும் பிடித்திருந்தன. பாறையில் இருந்த பொந்துகளில் அந்தக் கற்களைச் செருகி நிற்க வைத்தோம். பிறகு அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அலை மோட்டாரை அதன் இடத்தில் பொருத்தி, என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். சுவிட்சைப் போட்டான். அலை வந்து மோதியது. நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. எதுவும் விழவில்லை.